4 மாதக் கைக்குழந்தையின் கன்னத்தில் நீலத் தடம்: சகஜமா, சொல்ல வேண்டியதா?

மார்ச் 3, பகல் 1.20 (கேள்வி)
கைக்குழந்தைகள் காப்பகத்தில் வேலை. 4 மாதம் 20 நாள் ஆன பிள்ளைக்கு இடது கன்னத்துச் சதையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீலத் தடம். கேட்டதற்கு, "கிலுகிலுப்பையை மூஞ்சியில போட்டுக்கிச்சு" என்றார்கள். பிள்ளை சிரிக்கிறது, பால் குடிக்கிறது. கூட வேலை செய்கிறவர், "குழந்தைன்னா நாலு அடி படத்தான் செய்யும், ஊரைக் கூட்டாதே" என்கிறார். எனக்கும் பாதி மனசு அப்படித்தான் சொல்கிறது. ரெண்டு நாள் பார்த்துவிட்டு, மறையாவிட்டால் சொல்லலாமா?

மார்ச் 3, பகல் 1.45 (பதில் எழுதுகிற மருத்துவர்)
ரெண்டு நாள் வேண்டாம். இன்றைக்கே ஒரு குழந்தை மருத்துவர் பார்க்கணும். உங்கள் பொறுப்பாளரிடம் இப்பவே சொல்லுங்க. குழந்தைப் பாதுகாப்புக்கென்று உங்கள் பக்கம் இருக்கிற எண்ணுக்கு அழைத்து, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்க. காரணம் ராத்திரி எழுதுகிறேன்.

மார்ச் 3, இரவு 8.10
மத்தியானம் கட்டளை மாதிரி எழுதிவிட்டேன். காரணம் இதோ: யாராவது பிள்ளையைத் துன்புறுத்தியிருக்கலாம் என்ற சந்தேகம்.

தடம் எவ்வளவு பெரிசு என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் குழந்தையால் என்னென்ன செய்ய முடியும் என்று பார்க்கணும். நடை பழகிய பிள்ளைக்கு நெற்றி, முகவாய், முழங்கால், கால் முன்னெலும்பு எப்போதும் கன்றித்தான் இருக்கும். முன்னால் விழுந்தால் முதலில் தரையைத் தொடுகிற இடங்கள் அவை. எலும்பும் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. (மூணு வயசுப் பிள்ளைக்கு முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை என்றால், இதை விளையாடவே விடுவதில்லையோ என்றுதான் எனக்குத் தோன்றும்.) கைக்குழந்தை கதை வேறு. 1999-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 3 வயதுக்கு உட்பட்ட 973 ஆரோக்கியமான குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். ஆறு மாதம் நிரம்பாத 366 பேரில் 2 பேருக்குத்தான் ரத்தக்கட்டு. எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பவர்களில் சுமார் 18 சதவீதம். தனியாக நடப்பவர்களில் பாதிக்கும் மேல். நகரத் தெரியாத பிள்ளை போய் எங்கேயும் இடித்துக்கொள்ளாது. கிலுகிலுப்பையை முகத்தில் போட்டுக்கொள்ளும், அது உண்மைதான். தோல் சிவக்கும், பிள்ளை அழும், அத்தோடு போய்விடும். அந்த வயதுக் கையின் வேகத்தில் கன்னத்துச் சதை நீலம் பாரிப்பது எளிதில் நடப்பதில்லை.

இடத்தையும் பாருங்க. நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு விதி இருக்கிறது. மார்பு, வயிறு, முதுகு, புட்டம், பிறப்புறுப்பு அடங்கிய நடு உடல், காது, கழுத்து, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வு, தாடை வளைவு, கன்னத்தின் சதை, கண் இமை, கண்ணின் வெள்ளைப் பகுதி. இதில் எங்கே ரத்தம் கட்டியிருந்தாலும், அல்லது விரல், பெல்ட், கயிறு மாதிரி உருவம் தெரிகிற தடம் எங்கே இருந்தாலும், நின்று விசாரிக்கணும். நாலு மாதக் குழந்தை என்றால் இடமே பார்க்க வேண்டாம், உடம்பில் எங்கே இருந்தாலும் சரி. 2021-ல் ரத்தக்கட்டு இருந்த 2,161 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். துன்புறுத்தப்பட்டவர்களில் 95 சதவீதம் பேரை விதி பிடித்தது. விபத்தில் அடிபட்டவர்களில் 87 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிட்டது. மீதி 13 சதவீதம் விபத்துக் குழந்தைகளும் வலையில் விழுவார்கள். அதனால் இந்த விதி கதவைத் தட்டச் சொல்கிறது, அவ்வளவுதான். தீர்ப்பு எழுத அதற்கு அதிகாரம் இல்லை.

மார்ச் 3, இரவு 8.25
திருத்தம். "நாலு மாதம்" என்று எழுதியது குழப்பும். பிறந்ததிலிருந்து ஐந்து மாதம் நிரம்பும்வரை எல்லா நாளும் சேர்த்தி. நீங்கள் கேட்ட பிள்ளை உள்ளேதான் வருகிறது.

மார்ச் 4, காலை 7.05 (கேள்வி கேட்டவர்)
நேற்று சாயங்காலமே சொல்லிவிட்டோம், பிள்ளை மருத்துவமனையில் இருக்கிறது. மேற்கொண்டு எழுதலாமா?

மார்ச் 4, காலை 7.15
வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பற்றி இங்கே இனி ஒரு வரிகூட வேண்டாம். பொதுவாகப் பேசுவோம்.

மார்ச் 4, இரவு 9.30
"இத்தனூண்டு தடத்துக்கா இவ்வளவு கூத்து" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனூண்டு என்பதால்தான். 2013-ல் வெளியான ஆய்வு: துன்புறுத்தல் உறுதியான 200 கைக்குழந்தைகளின் பழைய விவரத்தைப் புரட்டினார்கள். 27.5 சதவீதம் பேருக்குப் பெரிய காயத்துக்கு முன்பே ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது. பெரும்பாலும் ரத்தக்கட்டு, அடுத்தபடி வாய்க்குள் கிழிசல். துன்புறுத்தல் இல்லை என்று முடிவான 101 பேரில் அப்படி ஒருவருக்கும் இல்லை. என் தொழிலுக்கே வெட்கக்கேடான கணக்கு ஒன்றும் அதில் உண்டு: அந்தச் சின்னக் காயங்களில் பத்துக்கு நாலு மருத்துவத் துறையினருக்குத் தெரிந்தே இருந்தது. பார்த்தோம், "ஒண்ணுமில்லம்மா" என்றோம், அனுப்பினோம்.

மார்ச் 5, இரவு 10.00
மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பலர் பயப்படுகிறார்கள்.

உடுப்பு முழுக்கக் கழற்றிப் பார்க்கணும். டயப்பரும் சாக்ஸும் உட்பட. தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், வாய்க்குள், உள்ளங்கை, உள்ளங்கால். எடை, நீளம், தலைச் சுற்றளவு. தலைச் சுற்றளவை எடுக்க மறந்துவிடுவார்கள். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் அது வளர்ச்சி வரைபடத்தில் கோட்டைத் தாண்டி ஏறும். ரத்தத்தில் தட்டணுக்கள், உறைவு நேரச் சோதனை இரண்டு, வான் வில்லிபிராண்ட் காரணி, உறைவுக் காரணிகள் 8, 9. பெற்றோரைக் காப்பாற்றுவதும் இதே சோதனைகள்தான்: ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) இருக்கிற பிள்ளைக்குச் சும்மா தூக்கினாலே கன்றும். கல்லீரல் நொதிகள் 80-ஐத் தாண்டினால், வயிறு மெத்தென்று இருந்தாலும் உள்காயத்தைத் தேடி சி.டி. ஸ்கேன். ஆறு மாதத்துக்குக் கீழ் என்றால் தலையையும் படம் எடுத்துவிடுவது நல்லது. அழுகையும் பால் குடிப்பும் சரியாக இருப்பது மட்டும் போதாது. தலைக்குள் காயம் தெரிந்தால் கண் மருத்துவர் சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பார்.

வீட்டில் வேறு சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொல்லணும். இரட்டையர் என்றால் மற்றதை விட்டுவிடவே கூடாது.

மார்ச் 5, இரவு 10.40 (எக்ஸ்ரே பக்கமிருந்து ஒருவர்)
ஒன்று சேர்க்கிறேன். ரெண்டு வயதுக்குள் என்றால் உடம்பு முழுக்க எலும்புப் படம் எடுக்கணும். அதற்காக மொத்தப் பிள்ளையையும் ஒரே பிலிமில் அடைத்து எடுத்து அனுப்புகிறார்கள். அதைப் புகைப்படம் என்று சட்டம் போட்டு மாட்டலாம். எலும்பு பார்க்க உதவாது. கை, கால், பாதம், விலா என்று தனித்தனியாக இருபது படத்துக்குக் குறையாமல் வேண்டும், விலாவுக்குச் சாய்வுக் கோணமும் சேர்த்து. இரண்டு வாரம் கழித்து மறுபடி. புதிதாக உடைந்த விலா முதல் நாளில் பெரும்பாலும் தெரியாது. புது எலும்பு கட்டிக்கொண்ட பிறகு வெள்ளை முடிச்சாகத் தெரியும். முதுகெலும்பை ஒட்டி விலா முறிந்திருந்தால், பெரியவரின் இரண்டு கை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து நெரித்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். முழங்கால், கணுக்கால் பக்கம் எலும்பு முனையில் சில்லுப் பெயர்ந்திருந்தால், இழுத்தோ முறுக்கியோ உலுக்கியோ இருக்கலாம் என்று சந்தேகிக்கணும்.

மார்ச் 6, காலை 6.50
நன்றி. உங்கள் துறைதான் இதை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1946-லேயே ஜான் காஃபி, மண்டைக்குள் ரத்தம் கட்டிய ஆறு குழந்தைகளுக்கு நீள எலும்புகளிலும் முறிவு இருப்பதை எழுதினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பியும் கூட்டாளிகளும் அதற்கு 'அடிபட்ட குழந்தை நோய்க்குறி' என்று வெளிப்படையாகப் பெயர் வைத்துக் கட்டுரை போட்டது 1962-ல். பாரிஸில் ஆம்ப்ருவாஸ் தார்தியூ 1860-லேயே பிண ஆய்வுகளோடு எழுதி வைத்திருந்தார். நூறு வருஷம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 6, இரவு 9.15
"மஞ்சளாகிவிட்டது, அப்போ போன வாரத்து அடி" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு: போடாதீங்க. மஞ்சள் தெரிந்தால் குறைந்தது 18 மணி நேரம் ஆகியிருக்கலாம் என்பதற்கு மேல் நிறம் எதையும் நம்பகமாகச் சொல்லாது. ஒரே நாளில் பட்ட இரண்டு அடி இரண்டு நிறத்தில் இருக்கலாம். தோலின் நிறம், ஆழம், வெளிச்சம் எல்லாம் ஏமாற்றும். நிறத்தை எழுதுங்க, வயதை எழுதாதீங்க.

ரத்தக்கட்டு மாதிரி தெரிகிறவையும் உண்டு. இடுப்பிலும் புட்டத்திலும் பிறவியிலேயே இருக்கிற சாம்பல் நீலத் தடம் வலிக்காது, ஒரு வாரத்தில் நிறம் மாறாது. பிறந்த அன்றே குறித்து வைத்தால் பின்னால் வம்பு இல்லை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டாலும் விரல் பதிந்த மாதிரி கருக்கும். முறிவு தெரிந்தால், எலும்பு எளிதில் முறிகிற பிறவி நோய், வைட்டமின் டி குறைவு இரண்டையும் தேடிப் பார்க்கணும்.

மார்ச் 8, பகல் 2.30
சூட்டுக்காயம் பற்றிக் கேட்டவருக்கு. தானாகக் கொட்டிக்கொண்டது மேலிருந்து கீழே வழியும்: முகம், தோள், மார்பு, கீழே போகப் போக ஒடுங்கும், ஓரம் கிழிந்த துணி மாதிரி. பிடித்து வெந்நீரில் அழுத்தியது சாக்ஸ் போட்ட மாதிரி ஒரே மட்டத்தில் கோடு வெட்டி நிற்கும், இரண்டு காலிலும். சுற்றித் தெறித்த புள்ளிகள் இருக்காது. காலை இழுத்து மடக்கிக்கொண்டதால் மடிப்புக்குள் தோல் தப்பியிருக்கும். தொட்டியின் அடியில் அழுந்திய புட்டத்தின் நடுவில் மட்டும் வேகாத வட்டம் தெரியும்.

வெந்நீர் 60 டிகிரி என்றால் 5 நொடி போதும் ஆழமாக வேக. 49 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் ஆகும். ஹீட்டரை 49-க்கு மேல் வைக்காதீங்க என்பது அதற்குத்தான்.

மார்ச் 8, பகல் 2.50
அந்த நொடிக் கணக்கு பெரியவர் தோலுக்கு. குழந்தைத் தோல் மெல்லிசு, இன்னும் சீக்கிரம் வேகும். சேர்த்து எழுதாமல் விட்டது என் தப்பு.

மார்ச் 10, இரவு 9.00 (பள்ளி ஆலோசகர்)
காயத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். குழந்தை வாயைத் திறந்து சொன்னால் என்ன செய்வது?

மார்ச் 10, இரவு 11.20
நீங்களே என்னைவிட நன்றாகச் சொல்வீங்க, ஆனாலும்.

முதல் வேலை, முகத்தை மாற்றாமல் இருப்பது. "ஐயையோ" என்று ஒரு சத்தம் வந்தால் பிள்ளை அந்த இடத்திலேயே பேச்சை மூடிவிடும். பிறகு திறந்த கேள்வி: "நடந்ததைச் சொல்லு", "அப்புறம் என்னாச்சு", "நீ சொன்ன அந்த ரூம் பத்தி இன்னும் சொல்லு". "மாமா தொட்டாரா?" என்று கேட்காதீங்க; பெயரையும் செயலையும் நாமே ஊட்டுகிறோம், பின்னால் நீதிமன்றத்தில் அந்த ஒரு கேள்வி பிள்ளை சொன்ன அத்தனையையும் கவிழ்க்கும். 1980-களில் அமெரிக்காவில் காப்பகங்களைச் சுற்றி எழுந்த வழக்குகள் பல இப்படிக் கேட்டதால்தான் குலைந்தன. "ஏன் முன்னாடியே சொல்லல" என்பது கேள்வியே இல்லை, குற்றச்சாட்டு.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீங்க, மீற வேண்டியிருக்கும். "உன்னைப் பாதுகாக்க வேண்டியவங்க கிட்ட மட்டும் சொல்லணும்" என்று உண்மையைச் சொல்லுங்க. புகாருக்குத் தேவையானது கிடைத்ததும் நிறுத்துங்க. மீதியைப் பயிற்சி பெற்றவர் ஒருமுறை, பதிவோடு, கேட்பார். ஆசிரியர், தலைமையாசிரியர், பாட்டி, காவலர் என்று ஐந்து பேர் கேட்டால் ஐந்து கதை வரும். பிள்ளை பொய் சொல்கிறது என்று முடிப்பார்கள்.

மார்ச் 11, காலை 8.00
பாலியல் துன்புறுத்தல் என்றால் நேரம் முக்கியம். நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் அன்றே மருத்துவமனை: எச்.ஐ.வி. தடுப்பு மருந்து அதற்குள் தொடங்கணும், தடயமும் அதற்குள் எடுப்பது நல்லது. குளிப்பாட்டாதீங்க. உடைகளைத் துவைக்காமல் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்க. பிளாஸ்டிக் பையில் ஈரம் புழுங்கித் தடயம் கெடும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்கு அவசரக் கருத்தடை 120 மணி நேரம்வரை.

"டாக்டர் பார்த்தார், ஒண்ணும் இல்லையாம், அப்போ நடக்கல" என்று வீட்டார் சொல்வது பெரிய தவறு. பரிசோதனை இயல்பாக இருப்பதுதான் வழக்கம். பலவித துன்புறுத்தலில் காயமே ஏற்படாது. ஏற்பட்டாலும் அந்த இடம் சில நாளில் ஆறிவிடும்.

மார்ச் 14, இரவு 9.45
புறக்கணிப்புக்கு ஒரு வரியும் இல்லையே என்று திட்டு வந்திருக்கிறது. நியாயம். அடி ஒரு நாளில் தெரிந்துவிடும், புறக்கணிப்பு மாதக்கணக்கில் தேயும். அதைப் பிடிப்பது எடை அட்டைதான். முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறணும். வரைபடத்தில் இரண்டு பெரிய கோடு கீழே இறங்கினால் நோயையும் தேடு, வீட்டையும் கேள். பால்பவுடரை எத்தனை கரண்டி, எவ்வளவு தண்ணீர் என்று வாயால் சொல்லச் சொல்லாமல் கையால் கலக்கச் சொல்லிப் பாருங்க. டப்பா இரண்டு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டுகிற வீடு உண்டு; அந்தப் பிள்ளை எடையும் ஏறாது, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பும் வரும்.

ஏழ்மையைப் புறக்கணிப்பு என்று எழுதிவிடாதீங்க. உதவி எட்டுகிற தூரத்தில் இருந்ததா, சொல்லிக்கொடுத்தோமா, அதன் பிறகும் பிள்ளைக்குத் தேவையானது கிடைக்கவில்லையா என்று மூன்றையும் கேட்ட பிறகுதான் அந்தச் சொல். பவுடர் வாங்க வழியில்லாத தாய்க்குத் தேவை பவுடர், விசாரணை இல்லை. மாறாக, மருந்து கையில் இருந்தும் கொடுக்காதது, சீழ் வைத்த பல்லோடு மாதக்கணக்கில் விடுவது, நாலு வயசை ரெண்டு வயசிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது, இவை வேறு.

மார்ச் 14, இரவு 9.50
ரெண்டு வயசை நாலு வயசிடம். தலைகீழாக எழுதிவிட்டேன். எப்படி எழுதினாலும் தப்புதான்.

மார்ச் 17, இரவு 10.10
பிறகு பிள்ளை தேறுமா என்று ஒருவர் கேட்டார். தேறும், ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் பாதுகாப்பு, பிறகுதான் சிகிச்சை. துன்புறுத்தியவர் அதே வீட்டில் இருக்கும்போது "மனசு விட்டுப் பேசு" என்பது வீண். அதிர்ச்சியை மையமாக வைத்த நடத்தைச் சிகிச்சை 12 முதல் 16 அமர்வு, மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை. எடுத்த எடுப்பில் நடந்ததைத் தோண்டுவதில்லை. முதலில் மூச்சு, உடம்பைத் தளர்த்துதல், உணர்ச்சிக்குப் பெயர் வைத்தல், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைச் சொல்வது. பாதுகாக்கிற பெரியவருக்கும் இணையாக அமர்வு உண்டு. அதை விட்டுவிட்டால் பாதி வேலைதான்.

அடித்த பெற்றோருக்கு அறிவுரை வகுப்பு பயன் தராது. பிள்ளையோடு விளையாடச் சொல்லி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காதுக்கருவி வழியே அந்த நொடியில் சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்று உண்டு. 2004-ல் 110 பெற்றோரிடம் சோதித்ததில், சுமார் 850 நாளில் மறுபடி புகார் வந்தது அந்த முறையில் 19 சதவீதம், வழக்கமான குழு வகுப்பில் 49.

மார்ச் 17, இரவு 10.45
"பயன் தராது" என்பது அதிகம். குறைவான பயன் என்று வாசியுங்க.

மார்ச் 20, காலை 7.30
தடுப்பதற்கு எனக்குப் பிடித்தது மிக எளிமையானது: அழுகை பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது. கைக்குழந்தை அழுகை இரண்டாம் மாதத்தில் உச்சம் போகும், மூன்று நாலு மாதத்தில் இறங்கும், சாயங்காலத்தில் அதிகம், என்ன செய்தாலும் நிற்காத நாளும் உண்டு. உலுக்கிவிடுகிற கை பெரும்பாலும் இந்த அழுகையில்தான் கட்டுப்பாடு இழக்கிறது. பால், டயப்பர், காய்ச்சல் பார்த்தாயிற்றா? தூக்கி ஆட்டியாயிற்றா? கோபம் தலைக்கு ஏறுகிறதா? தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, 5 முதல் 10 நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்க. அழுகையால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. இதைத் தாயிடம் மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. தகப்பன், தாயின் துணைவர், பார்த்துக்கொள்கிற எல்லோரும் கேட்கணும்.

செவிலியர் கர்ப்ப காலத்திலேயே தொடங்கி இரண்டு வயதுவரை வீட்டுக்கு வந்துபோகும் திட்டத்தை டேவிட் ஓல்ட்ஸ் 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் எல்மைரா என்ற ஊரில் தொடங்கினார். பதினைந்து ஆண்டுத் தொடர் ஆய்வில் துன்புறுத்தல் புகார்கள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஆனால் கணவன் மனைவி அடிதடி மிகுந்த வீடுகளில் அந்தப் பலன் கரைந்துபோனது. அங்கே முதலில் தாயைப் பாதுகாக்கணும்.

மார்ச் 21, பகல் 12.15 (கேள்வி கேட்டவர்)
காப்பகத்தில் எல்லோருக்கும் ஒரு நோட்டு போடப்போகிறோம். எப்படி எழுதுவது, ஒரு மாதிரி கொடுங்க.

மார்ச் 21, இரவு 8.40
கற்பனையாக ஒன்று:

"காலை 9.10, உடுப்பு மாற்றும்போது. வலது காது மடலின் பின்பக்கம் ஊதா நிறத் தடம், வட்டம், அளவுகோலில் 1 செ.மீ. தொட்டபோது குழந்தை அழவில்லை. நேற்று மாலை 5.30-க்கு அனுப்பும்போது அங்கே தடம் இல்லை. கொண்டுவந்தவரிடம் நான் கேட்டது: 'காதுக்குப் பின்னாடி என்ன ஆச்சு?' அவர் சொன்னது: 'தெரியலையே, தூங்கும்போது அழுத்தியிருக்கும்.' 9.20-க்குப் பொறுப்பாளரிடம் சொன்னேன். 9.35-க்குத் தொலைபேசியில் புகார்." கீழே பெயர், கையெழுத்து.

நம் கேள்வியும் அவர்கள் பதிலும் சொன்ன சொல்லிலேயே இருக்கணும். "கிள்ளியது போல", "சந்தேகமான முறையில்", "அம்மா மழுப்பினார்" எதுவும் வேண்டாம். அடித்துத் திருத்தினால் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை பூசாதீங்க. பக்க எண்ணை முதல் நாளே போட்டுவிடுங்க, நூல் தைத்த நோட்டாக வாங்குங்க. ஸ்பைரல் நோட்டில் தாள் கிழிந்தது தெரியாது.